கெண்டி மூக்குக்கு எதிரே ஒரு கோப்பை

யுக் ஹாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். யௌ மா தேய் வட்டாரத் தேநீர்க் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். நண்பகலுக்கு மீன் மார்க்கெட் மாடியில் அவள் புருஷன் தாம் ஷிங்கை அவனுடைய ரகசியச் சங்கம் விசாரிக்கப் போகிறது. விசாரணை என்றால் என்ன, குவான் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள், சேரும்போது செய்த முப்பத்தாறு சத்தியத்தையும் ஒப்பிப்பார்கள், அப்புறம் வெட்டுவார்கள்.

புது ஆட்களுக்குச் சத்தியம் செய்துவைக்கவிருந்த கயிற்றுக் கிடங்கைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தான் என்பது ஷிங் மேல் குற்றம். அன்று அவன் ஒருவன்தான் காய்ச்சலென்று போகவில்லை. வேறு சாட்சி எதற்கு? ஆனால் காட்டிக் கொடுத்தது யுக் ஹா. எல்லாரையும் பிடித்துக்கொண்டு போனால் சங்கம் கலையும், புருஷன் வீட்டோடு மனுஷனாக இருப்பான் என்று நினைத்தாள். புத்திகெட்ட நினைப்பு; பிடிபட்டவர்கள் மறுவாரமே ஜாமீனில் வந்துவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு ஜன்னலோர மேசையில் தேநீர்க் கெண்டியை வைத்தாள். அதன் மூக்குக்கு நேர் எதிரே நிரம்பிய கோப்பை ஒன்று. ‘ஆபத்தில் இருக்கிறேன், காப்பாற்று’ என்று சங்கத்துக்காரன் வாய் திறக்காமல் கேட்கிற முறை அது. உதவ முடிந்தவன் அதை அப்படியே குடிப்பான். முடியாதவன் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் குடிப்பான். குடித்தபின் பின்வாங்கினால் ஐந்து இடி விழுந்து சாவான் என்பது சத்தியம்.

முதலில் வந்தவன் பார்த்தான், கொட்டினான். திரும்ப ஊற்றி வைத்தாள். அடுத்தவன் மேசைப் பக்கமே வரவில்லை. மார்பு நிறைய டிராகனைப் பச்சை குத்திக்கொண்ட வீரன், ஒரு கோப்பைத் தேநீருக்குப் பயந்தான்.

பதினொன்றரைக்கு மோக் சுன் வந்தான். சங்கத்தில் தண்டனையை நிறைவேற்றுகிறவன், செங்கழி என்பார்கள். விசாரணைக்குப் போகிற வழியில் நுழைந்திருந்தான். கோப்பையைக் கண்டதும் யார் என்ன என்று கேட்காமல், கடையே பார்க்க, ஒரே மடக்கில் குடித்தான். யோசிக்கிறவன் எங்கே செங்கழி ஆகிறான்?

“யாருப்பா வெச்சது?”

“நான்தான்.”

சுன் சிரித்தான். “விளையாடாத அண்ணி. பொம்பள வெச்ச கோப்பை செல்லாது.”

“குடிச்சது ஆம்பளதானே. எட்டுப் பேரு பாத்தாங்க.”

சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினான். “சரி, இந்த முறைய உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் இருக்கு. காப்பாத்த வந்து நீயே ஷிங் அண்ணன் கழுத்துல கத்திய வெச்சுட்டியே.”

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது.

“அவரு ஏன் சொல்லணும்? பதினோரு வருஷமா நீங்க வெக்கிற கோப்பைய எடுத்துக் கழுவுறவ நான். என் கண்ணு முன்னாடியே வெச்சுட்டு, ரகசியமாம்.”

“அப்ப கிடங்கு?”

“போலீஸ்ல சொன்னது நான். எனக்கு சொன்னது நீ. இதே மேசையில உன் கூட்டாளிகிட்ட சொன்ன. கயித்துக் கிடங்கு, வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணின்னு. நான் மேசைய தொடச்சிட்டு இருந்தேன். தொடைக்க வசதியா முழங்கைய வேற தூக்கிக் குடுத்த.”

தவளை தன் வாயால் கெடும் என்பது சுன்னுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கை இடுப்புக் கத்திக்குப் போனது. யுக் ஹா நகரவில்லை. கை திரும்பி வந்தது.

“மணி என்ன?”

“பதினொன்னு நாப்பது.”

கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

ஒரு மணிக்கு ஷிங் கடைக்கு வந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உட்கார்ந்ததும் அழுதான்.

“சுன் வந்து, ‘என் வாயாலதான் கிடங்கு வெளிய போச்சு’ன்னான். யாருகிட்ட சொன்னன்னு அடிச்சுக் கேட்டாங்க. கடைசி வரைக்கும் சொல்லல. செத்துட்டான் யுக் ஹா.”

சுன் இவ்வளவு தூரம் போவான் என்று அவள் எண்ணவில்லை. கஞ்சியை ஷிங் முன் வைத்தாள்.

“படகேறி மக்காவ் போயிடலாங்க. இது நமக்கு வேண்டாம்.”

“எங்கயும் வரல. அவன மாட்டிவிட்டது யாருன்னு தெரியாம சங்கத்த விட்டு வர மாட்டேன். சாமி முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீயும் கொஞ்சம் காதத் தீட்டி வெச்சுக்கோ. நாலு பேரு பேசுற இடம், ஏதாவது விழும்.”

“சரி” என்றாள் யுக் ஹா.