ஒன்பதாம் நாள் படம்

காலை ஏழு பத்து. அக்காவின் படம் இன்னும் வரவில்லை.

பல் மருத்துவரான தங்கை கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். அறுவைக்குப் பிறகு எட்டு நாளும் டாண் என்று ஏழு மணிக்கு வந்த படம்.

அக்காவின் மேல்வரிசைக் கோரைப்பல்லில் ஈறு ஏறி, வேர் பாதி வெளியே தெரிந்தது. பத்து வருடமாக வாயைப் பொத்தித்தான் சிரித்தாள். அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். அதற்கு அக்கா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே ஈற்றுக்கடியில் வைத்துத் தைக்கும் நானோ இழைச் சவ்வு. தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழைகள். கொடிக்குப் பந்தல் போல, ஈறு பற்றிக்கொண்டு வளர. இவள் வைத்த முதல் சவ்வு. வேறு யாருக்காவது வைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஏழரைக்கு இவளே அழைத்தாள்.

"படம் எங்கக்கா?"

"நூல் ஒண்ணு நாக்குல தட்டுதுடி. கெளம்பிட்டேன். நேர்லயே பாத்துக்கோ."

அக்கா வந்ததும் நாற்காலியைச் சாய்த்து விளக்கை இழுத்தாள். ஒரு தையல் தளர்ந்திருந்தது. ஈறு ஒரு நூலளவு விலகி, சவ்வின் வெள்ளை விளிம்பு தெரிந்தது.

"பிரஷ் பட்டுச்சா? கடிச்சுச் சாப்பிட்டியா?"

"ஒன்பது நாளா எல்லாம் கரைச்சுக் குடிக்கிறதுதான். வீட்டுக்காரரத் திட்டக்கூட வாயத் தொறக்கல. அவருக்குக் கொண்டாட்டம்."

"உதட்டத் தூக்குனியா?"

"ஆமா."

"அக்கா! ரெண்டு வாரம் உதட்ட இழுக்கவே கூடாதுன்னு தாள்ல மொத வரியா எழுதிக் குடுத்தேனே! எதுக்குத் தூக்குன?"

அக்கா பையைத் துழாவிக் கைபேசியை எடுத்து நீட்டினாள்.

எட்டுப் படங்கள். எட்டிலும் அக்காவின் விரல்கள் மேலுதட்டை மூக்குவரை இழுத்துப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இவளுடைய செய்தி. 'சரியாத் தெரியல.' 'இன்னும் தூக்கு.' 'நல்லா இழுத்துப் பிடிச்சு இன்னொண்ணு எடு.'

இவள் கையுறையைக் கழற்றினாள். புதிதாக ஒரு ஜோடி மாட்டினாள். ஊசி போட்டு, விலகிய ஈற்றை நீவிப் பொருத்தி, மறுபடி தைத்தாள். கத்தரித்த நூல் தட்டில் விழவில்லை, விரலிலேயே ஒட்டிக்கொண்டது. உதறினாள். போகவில்லை.

"பிடிச்சுக்குமாடி?"

"ரெண்டு வாரம் போனாத்தான் தெரியும்."

அக்கா மரத்த உதட்டோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ நாளைக்குக் காலைல படம் அனுப்பவா, வேண்டாமா?"