எதிர்க்கட்டில் மருந்து

தையல்காரியின் வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மூன்று நாளாகிறது. அதே நாளில் ஆஸ்பத்திரியில் எதிர்க்கட்டிலுக்கு ஒரு டீச்சரம்மா வந்து சேர்ந்தாள். அவளுக்கும் அதே இடத்தில், அதே அளவு கசிவு. இன்றைக்கு டீச்சரம்மா, கண்ணாடியை எடுத்துவர மறந்த புருஷனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரியின் ஆள் கண்ணைத் திறக்கவேயில்லை.

"அந்தம்மாவுக்கு ஏத்துற மருந்தையே என் தம்பிக்கும் ஏத்துங்க," என்று உத்தரவிட்டார் மூத்தார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்; நாற்காலி போனாலும் தோரணை போகவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதாங்க," என்றார் டாக்டர்.

மூத்தார் நம்பினால்தானே! தொங்கிய இரண்டு பாட்டிலையும் கள்ளநோட்டைச் சோதிக்கிற முகத்தோடு பார்த்தார். ஒரே பெயர்.

"அப்ப இவருக்கு மட்டும் ஏன் டாக்டர்?" என்றாள் தையல்காரி.

"ரத்தம் அப்படியேதாம்மா இருக்கு. அதைச் சுத்தி வீக்கம்தான் ஏறுது. ஆம்பளைங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆய்வுல சொல்றாங்க. ஏன்னு சரியாத் தெரியல."

"ஆம்பளை மூளை பெருசு, அதான்," என்றார் மூத்தார். விஞ்ஞானிகளுக்கு வேலை மிச்சம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அது நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்ற கணக்கு. இவருக்கு எப்படிப் போகும்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. இன்னும் ஏறினா மண்டையோட்டைத் திறந்து இடம் விடணும். உயிர் தங்கலாம். பழைய ஆளா எந்திரிப்பாரான்னு கேட்காதீங்க. யோசிச்சு வைங்க."

துணியாக இருந்தால் ஓரத்தைப் பிரித்து ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்திருப்பாள். மண்டையோட்டை ஓரம் விட்டா தைத்திருக்கிறது?

"ஏங்க, என் கையை அமுக்குங்க பாப்போம்." காலையில் லேசாக அமுக்கிய விரல்கள் இப்போது சும்மா கிடந்தன.

நர்ஸ் கண்ணில் டார்ச் அடித்தாள். ஒரு கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் விரிந்தே நின்றது. டாக்டர் ஓடிவந்தார். "இப்பவே சொல்லணும். திறக்கவா, வேண்டாமா?"

எல்லாரும் மூத்தாரைப் பார்த்தார்கள். அவர் தையல்காரியைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் யோசனை.

"திறங்க," என்றாள். சொன்னது தன் குரல்தானா என்றே தெரியவில்லை. "மாமா, சரிதானே?"

மூத்தார் தரையைப் பார்த்தார். கட்டில் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது.