ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து

என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பேர்போன கவ்வாத்துக்காரர். தேயிலையை வளரவிடாமல் ஒரே மட்டத்துக்கு வெட்டுவதுதான் கவ்வாத்து. வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். அவர் வெட்டிய ஏழாம் நம்பர் மலையில்தான் நான் கொழுந்து பறித்தேன். கல்யாணத்துக்கு முன்பே, செடியைப் பார்த்தால் இது அவர் கைவேலை என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

பிறகு தோட்டம் அந்த மலையைக் கைவிட்டது. எங்கள் லயத்து வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழும் பீலியும் வற்றிப்போனது. நாலு வருஷத்துக்கு முன் ஓர் அமைப்பு, மரம் வந்தால் ஊற்றும் திரும்பும் என்று சொல்லி அங்கே காடு வளர்க்க வந்தபோது, நான்தான் முதலில் கை தூக்கினேன். நாவல், மருது, பலா என்று அறுநூறு கன்றுகள் நட்டோம். ஒரு வருஷத்தில் முக்கால்வாசி பிழைத்தால் மலை காட்டுக்கு. இல்லையென்றால் தோட்ட நிர்வாகம் திரும்ப எடுத்து விறகுமரம் நடும். பீலியில் தண்ணீர் விழுவதைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தேன். வாய்க்கொழுப்புத்தான்.

கணக்கெடுப்புக்கு இரண்டு மாதம் இருக்கையில், நான் பேராதனைக்கு கிளினிக் போன அன்று, அவர் புல்வெட்டப் போனார். சாயந்திரம் மலையேறிப் பார்த்தால் இருநூறு கன்றுக்குத் தலை இல்லை. எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம்.

"என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க!"

"ஒண்ணு ஒசரம், ஒண்ணு குட்டை. தலைய வெட்டுனாத்தானே படரும்?" என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

"இது தேயிலை இல்லங்க. காடு!"

அவர் முகம் செத்துப்போனது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம், எங்கள் இரண்டு பேர் மேலும். மரமாக வேண்டியதை மரமாகாமல் தடுப்பதிலேயே எங்கள் ஆயுசு போயிருக்கிறது.

அமைப்பிலிருந்து துஷானி என்ற பிள்ளை வந்து பார்த்தாள். திட்டவில்லை.

"வேர் உசுரோட இருக்கு, மாமா. மழை வந்தா துளிர்க்கும். கன்றுக்கு ஒரு துளிர மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துருங்க."

மழை வந்தது, துளிரும் வந்தது. அவர் கத்தியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கன்றின் முன்னாலும் குந்தி, நான் கொழுந்து கிள்ளுவதுபோல் நகத்தால் கிள்ளினார். பத்தொன்பது கன்றுகள்தான் துளிர்க்கவில்லை. மலை காட்டுக்கே கிடைத்தது.

பீலி இன்னும் வற்றித்தான் கிடக்கிறது. ஆனால் கொண்டைக்குருவிகள் வந்துவிட்டன.

போன வாரம் இருவரும் மலைக்குப் போனோம். தான் தலைவெட்டிய நாவல் ஒன்றின் கீழே நின்று, அவர் குதிகாலை உயர்த்தி, கையை முழுக்க நீட்டினார். நுனி அகப்படவில்லை. இன்னொரு முறை எம்பிப் பார்த்தார்.

"ஞானேஸ்வரி, இனிமே எனக்கு எட்டாது," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.