மேம்பாலம் ஏற வேண்டிய வண்டி

தவுபிக் சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னான். சாயங்காலம் ஆறு மணிக்குள் வண்டி குடோனுக்குத் திரும்பிவிட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

“அதுக்குள்ள எப்படி வேணும்னாலும் ஓட்டிப் பாருங்கக்கா. நானும் கூடவே வர்றேன். வாங்குன பொறகு குறை சொல்லக் கூடாது பாருங்க.”

“குறை சொல்லத்தான தம்பி ஓட்டிப் பாக்குறதே” என்று சொல்லிவிட்டு மாரிசெல்வி ஏறி உட்கார்ந்தாள்.

அது டபுள் கேபின் பிக்கப். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. தவுபிக்கின் வாப்பா விருதுநகரில் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறவர். வாரம் முழுக்க அதில் மூட்டை ஏறும், விசேஷ நாளில் குடும்பம் ஏறும். இப்போது பெரிய லாரி வாங்கியாகிவிட்டது. தொட்டியைக் கழுவித் துடைத்திருந்தும் வத்தல் நெடி போகவில்லை. கதவைச் சாத்தியதும் மாரிசெல்வி இரண்டு தும்மல் போட்டாள்.

ஆமத்தூரில் தளம் போடுகிற குழு ஒன்றை அவள் நடத்துகிறாள். வீட்டுக்கு மேல்தளம் போடும் நாளில் ஜல்லி, மணல், சிமெண்டைக் கலவை மிஷினில் போட்டுக் கலந்து மேலே ஏற்றுகிற வேலை. குழுவில் எல்லாரும் பெண்கள். எல்லாரும் ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர்கள். ஒரு சீசனில் அவர்கள் வேலை பார்த்த அறையில் தீப்பிடித்து வீரலட்சுமியின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போவதில்லை என்று முடிவெடுத்து, பழைய கலவை மிஷின் ஒன்றை வாங்கி இந்த வேலைக்கு வந்தார்கள். மிஷினை ஓட்டுவது மாரிசெல்வியின் கணவன் பாண்டிமுருகன். அந்த ஒரு ஆண்தான் குழுவில்.

மிஷினுக்குச் சக்கரம் உண்டு, ஆனால் தானாக நகராது. யாராவது இழுத்துப் போக வேண்டும். இதுவரை கோட்டைச்சாமியின் டிராக்டர் இழுத்தது. இந்த வருஷம் அவருக்கு ஆலங்குளம் பக்கம் கல் லோடு நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது. அந்த லோடு முடிந்து அவர் வருகிற நேரம்தான் தளம் போடுகிற நேரம் என்றாகிவிட்டது. தளம் அப்படிக் காத்திருக்கிற வேலை இல்லை. காலையில் ஆரம்பித்தால் முடிகிற வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் போட்ட இடத்துக்கும் போடப்போகிற இடத்துக்கும் நடுவில் விரிசல் விடும். மூன்று வீட்டுக்குத் தாமதமாகப் போனார்கள். இன்ஜினியர் ராஜபாண்டியன் கோபப்படவில்லை. “ஞாயித்துக்கிழமை சூலக்கரையில காலை ஆறு மணிக்கு மிஷின் ஓடணும். ஓடலைன்னா மிச்ச வீடு எல்லாம் வேற ஆளுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீடுகள் போனால் குழு இல்லை. பட்டாசுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் இப்போதே ஆமத்தூரில் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தான். குழுவில் இரண்டு பேர் அவனுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது மாரிசெல்விக்குத் தெரியும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

முதலில் வெறும் வண்டியாக ஓட்டினாள். தளம் இல்லாத நாளிலும் இது ஓட வேண்டும். ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், சாமான் வாங்கப் போவது எல்லாம் இதில்தான். சிவகாசி ரோட்டில் நன்றாகப் போனது. ஆமத்தூருக்குள் திரும்பியதும் குணம் தெரிந்தது. அடிகுழாய் முக்கில் ஒரே ஒடிப்பில் திரும்பவில்லை, ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. தொட்டி காலியாக இருந்ததால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் துள்ளியது.

பின் சீட்டில் ஏறிய வீரலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சு வாங்கினாள். “ஏ மாரி, இது வண்டியா, பரணா? ஏறதுக்கு ஏணி வாங்கணும் போலயே.”

“படி ஒண்ணு வச்சுக்கலாம் மதினி. உக்காந்தா எப்படி இருக்கு?”

“கோயில் தூண்ல சாஞ்ச மாதிரி இருக்கு. முதுகு நேரா நிக்கும், நல்லது.”

“லோடு ஏத்துனா துள்ளாதுக்கா” என்றான் தவுபிக். “பின்னாடி நாலு மூட்டை போட்டா கட்டில் மாதிரி போகும். எங்க உம்மா தூங்கிட்டே மதுரை வந்திருக்காக.”

“ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் நாலு மூட்டை ஏத்திட்டுப் போக முடியுமா தம்பி?”

அவன் சிரித்துவிட்டான். துள்ளலையும் திருப்பத்தையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவள் மனதில் முடிவாகிவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு மிஷினோடு ராஜபாண்டியன் முன்னால் போய் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மிஷினைக் கோத்தபோது முதல் சிக்கல் வந்தது. டிராக்டரின் கொக்கி தாழ்வானது, பிக்கப்பின் கொக்கி உயரம். மிஷின் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றது. பாண்டிமுருகன் வெல்டிங் கடையிலிருந்து வளைத்த தகடு ஒன்றை வாங்கி வந்து, போல்ட் போட்டுக் கொக்கியைக் கீழே இறக்கினான். மிஷின் சமமாக நின்றது. மண்வெட்டி, தள்ளுவண்டி, சட்டி எல்லாம் வழக்கம்போல மிஷின் மேலேயே கட்டிக் கிடந்தன. அப்படியே கிளம்பினார்கள். மிஷின் மேல் ஆள் ஏறக் கூடாது என்று மாரிசெல்வி சொல்லியிருந்ததால் பாண்டிமுருகன் பின் சீட்டில் வீரலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தான்.

சமதளத்தில் இழுத்தது. மெதுவாக, ஆனால் இழுத்தது. சூலக்கரைக்குப் போக விருதுநகரில் ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்தைத் தாண்ட வேண்டும். அதில் ஏற ஆரம்பித்ததும் சத்தம் மாறியது. மூன்றாவது கியர் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, பாதிப் பாலத்தில் பின்சக்கரம் வழுக்கியது. கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்தது. வண்டி நின்றது.

“கல்லு போடுங்க” என்றாள் மாரிசெல்வி. குரலை உயர்த்தவில்லை. பாண்டிமுருகன் குதித்து ஓடி மிஷின் சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எதிர்ப்பக்கம் காலி டிராக்டரில் இறங்கி வந்த கோட்டைச்சாமி, வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

“என்ன தாயி, வத்தல் வண்டிய வச்சு மிஷின் இழுக்கீகளாக்கும்?”

“இழுத்துப் பாக்கோம் மாமா.”

“பாத்துட்டேன். நல்லா நிக்குது. சொன்னா நான் திருப்பிட்டு வந்து இழுத்து விடுதேன். நாளைக்கும் வாறேன், லோடு முடிஞ்ச ஒடனே.”

“லோடு முடிய ஒம்பது மணி ஆகும். நீங்க போங்க மாமா, பின்னாடி வண்டி நிக்குது.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். மாரிசெல்வி பின்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். ஏற முடியாவிட்டால் இறங்க வேண்டும். கோத்த மிஷினைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் மிஷின் வலது பக்கம் போகும். வீரலட்சுமி கீழே இறங்கி வெந்த கையைத் தூக்கிப் போக்குவரத்தை நிறுத்தினாள். பாண்டிமுருகன் கல்லை எடுத்து எடுத்துப் போட்டான். ஒவ்வொரு முழமாக மிஷின் பாலத்திலிருந்து இறங்கியது.

கீழே வந்ததும் தவுபிக் சொன்னான்: “அக்கா, நான் விக்க வந்தவன்தான். ஆனா இது உங்களுக்கு ஆகாது. இந்த வண்டில ஒண்ணே முக்கால் டன் இழுத்திருக்கேன், இதே பாலத்துல ஏறியிருக்கு. இன்னைக்கு ஏறலை. வயசாயிருச்சோ என்னமோ.”

“ஒண்ணே முக்காலா?”

“சத்தியமா.”

மிஷினின் பக்கவாட்டில் கம்பெனித் தகடு ஒன்று உண்டு. சிமெண்ட் பால் படிந்து எழுத்து மறைந்திருந்தது. மாரிசெல்வி இறங்கிப் போய்க் கல்லால் சுரண்டினாள். மிஷினின் எடை ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைவு என்றுதான் அதில் இருந்தது. அவள் கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“தம்பி, உங்க வாப்பா வத்தல் எடை போடுற மேடை எங்கன இருக்கு?”

எண்ணெய் மில் பக்கத்தில் இருந்த எடை மேடையில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு மிஷினை மட்டும் ஏற்றினார்கள். தகட்டில் இருந்ததைவிட நானூறு கிலோ கூடுதல் காட்டியது. மேடைக்காரன் நம்பாமல் இரண்டாவது தடவையும் போட்டான். மாறவில்லை.

பாண்டிமுருகன் மிஷினைச் சுற்றி வந்தான். அப்புறம், கலவை சுற்றுகிற டிரம்மின் வாயருகே நின்றான். அவன் முகத்தைப் பார்த்தே மாரிசெல்விக்குப் பாதி புரிந்துவிட்டது. டிரம்முக்குள் கையை விட்டாள். இரும்பு தட்டுப்பட வேண்டிய இடத்தில் கான்கிரீட் தட்டுப்பட்டது. உள்சுவர் முழுக்க மூன்று விரல் கனத்துக்கு இறுகிப்போய் இருந்தது. கலக்குகிற தகடுகள் அதற்குள் புதைந்து நுனி மட்டும் வெளியே தெரிந்தன.

தளம் போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் வேலைக்காரர்களுக்குக் கறிச்சோறு போடுவார். இந்தப் பக்கத்தில் அது மாறாத வழக்கம். கடைசிக் கலவை மேலே போகும்போதே கீழே இலை விரித்துவிடுவார்கள். விடிகாலையிலிருந்து வெறும் டீயில் நின்றவர்கள். மிஷினைக் கழுவ வேண்டுமானால் ஜல்லியும் தண்ணீரும் போட்டுக் கால்மணி நேரம் சுற்ற விட வேண்டும். அதற்குள் “சோறு ஆறுது, வாங்க” என்று கூப்பிட்டுவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கழுவலாம் என்று போவார்கள். சாப்பிட்டு வந்து பார்த்தால் அது இறுகியிருக்கும். மேலாகத் தண்ணீர் அடித்துவிட்டு டிராக்டரில் கோத்துவிடுவார்கள். டிராக்டர் எதையும் இழுக்கும். அதனால் எடை ஏறிக்கொண்டே போனது யாருக்கும் தெரியவில்லை.

வீரலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு டிரம்மில் இரண்டு தட்டுத் தட்டினாள். “நாம தின்ன கறிச்சோறு எல்லாம் எங்கன போச்சுன்னு நெனச்சேன். இங்கனதான் சேத்து வச்சிருக்கோம்.”

தவுபிக் வாயைப் பொத்திக்கொண்டான். பாண்டிமுருகன் மட்டும் சிரிக்கவில்லை. மிஷின் அவன் பொறுப்பு.

“நான் கழுவியிருக்கணும்” என்றான்.

“கழுவ விடாம கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது நாங்கதான்” என்றாள் மாரிசெல்வி. “அத அப்புறம் பேசுவோம். தம்பி, ஆறு மணி வரைக்கும் வண்டி எனக்குத்தான?”

“உங்களுக்குத்தான்கா. ஆனா இத ஒடைக்கவே ரெண்டு நாள் ஆகும்.”

அவள் போனை எடுத்துக் குழுவில் எல்லாரையும் கூப்பிட்டாள். உளி, சுத்தியல், சம்மட்டி எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள் என்று சொன்னாள். ஏஜென்டுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்த இருவரையும் கடைசியாகக் கூப்பிட்டாள். அவர்களும் வந்தார்கள்.

எண்ணெய் மில் சுவர் நிழலில் மிஷினைச் சாய்த்து நிறுத்தி, டிரம் சுற்றாமல் கட்டை கொடுத்தார்கள். உள்ளே ஒருவர்தான் போக முடியும். பாண்டிமுருகன் முதலில் போனான். வெளியே இருந்தவர்கள் டிரம்மைச் சுற்றி நின்று சம்மட்டியால் அடிக்க, அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உளியால் பிளந்தான். அவன் தூசியில் வெளுத்துப்போய் வெளியே வந்ததும் அடுத்து ஒருத்தி போனாள். முதல் பாளம் பெயர மதியம் ஆனது. ஒன்று பெயர்ந்ததும் மற்றது கொஞ்சம் சுலபமாக வந்தது. பாளத்தை வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருந்தது. வீரலட்சுமி ஒவ்வொரு அடுக்கையும் காட்டி, இது ஆவுடையாபுரத்துக் கிடா, இது ஆர்.ஆர். நகர் கோழி, உப்புக் கம்மி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வெந்த கையில் சுத்தியல் நிற்காது. அவள் இடது கையால் அடித்தாள்.

தவுபிக்கின் போன் இரண்டு முறை அடித்தது. கோவில்பட்டிக்காரர் எப்போது கிளம்பலாம் என்று கேட்டார். “வாங்க, ஆறு மணிக்குத்தான் வண்டி இருக்கும்” என்று அவன் சொல்வது மாரிசெல்விக்குக் கேட்டது. பேசிவிட்டு வந்தவன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெயர்ந்த பாளங்களைத் தூக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தான்.

முழுக்கவும் போகவில்லை. தகடுகளின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலரை மணிக்கு மாரிசெல்வி போதும் என்றாள். சாமான்களை இந்தத் தடவை மிஷின் மேல் கட்டாமல் பிக்கப்பின் தொட்டியில் ஏற்றச் சொன்னாள். பின்சக்கரத்துக்கு மேலே பாரம் இருந்தால் வழுக்காது. நாலு மூட்டை என்று தவுபிக் சொன்னதிலிருந்து எடுத்தது அது.

பாலத்தின் அடியிலேயே முதல் கியருக்கு வந்துவிட்டாள். வண்டி உறுமியது. காலையில் நின்ற இடம் வந்தது. பாண்டிமுருகன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தான். அவன் நடையைவிட வண்டி கொஞ்சம் வேகம் என்று ஆனபோது கல்லைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். உச்சிக்கு வந்ததும் அவள் ஹாரனைத் தொட்டாள், அவ்வளவுதான்.

இறக்கம் வேறு மாதிரி இருந்தது. மிஷினுக்கு பிரேக் கிடையாது, அது பின்னாலிருந்து தள்ளியது. முதல் கியரிலிருந்து மாற்றாமல், பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு இறக்கினாள். சமதளத்துக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“எப்படிக்கா?” என்றான் தவுபிக்.

“ஏறுது. இறங்கறப்ப தள்ளுது. மழை பெஞ்சா இந்தப் பாலத்துல மிஷினோட வர மாட்டேன், முந்தின நாளே கொண்டுபோய் நிறுத்திருவேன். படி ஒண்ணு வைக்கணும். முக்குல ஒடியாது, அத நான் பாத்துக்கிடுதேன்.” பின்கண்ணாடியில் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “கோவில்பட்டிக்காரர வர வேண்டாம்னு சொல்லிருங்க தம்பி.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முன்னாலேயே சூலக்கரையில் மிஷின் நின்றது. ராஜபாண்டியன் பைக்கில் வந்து இறங்கி, “டிராக்டர் எங்கம்மா?” என்று தேடினார். வீரலட்சுமி பிக்கப்பைக் காட்டினாள். அவர் முதல் கலவைக்குத் தண்ணீர் அளவைப் பார்க்கப் போனார்.

மதியம் கடைசிக் கலவை மேலே போனது. மரத்தடியில் இலை விரித்தார்கள். கறிக்குழம்பு வாடை மிஷின் வரைக்கும் வந்தது. வீட்டுக்கார அம்மா வந்து கூப்பிட்டார். “வாங்கம்மா எல்லாரும், சோறு ஆறிரும்.”

பெண்கள் கையை உதறிக்கொண்டு திரும்பினார்கள். மாரிசெல்வி நகரவில்லை.

“அஞ்சு சட்டி ஜல்லி, ரெண்டு குடம் தண்ணி. உள்ள போடுங்க.”

“ஏ மாரி, பசிக்குது.”

“எனக்கும்தான் மதினி. இன்னைக்கு இறுகுச்சுன்னா இந்த வண்டி திரும்பிப் போறப்பவே பாலத்துல நிக்கும். நின்னா அடுத்த சீசன் எங்கன இருப்போம்னு ஒங்களுக்கே தெரியும்.” வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பினாள். “கோவிச்சுக்காதீகம்மா. கால்மணி நேரம்.”

அந்த அம்மாவுக்கு முகம் வாடியது. இலையில் வைத்த சோற்றின் மேல் இன்னொரு இலையை எடுத்து மூடினார். வீரலட்சுமி முனகிக்கொண்டே முதல் சட்டி ஜல்லியைக் கொட்டினாள். பாண்டிமுருகன் மிஷினைப் போட்டான். ஜல்லி டிரம்முக்குள் உருண்டு இரைந்தது. கலங்கலாக வந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

நிறுத்தியதும் மாரிசெல்வி டிரம்முக்குள் கையை விட்டுத் தடவினாள். மிஞ்சியிருந்த பழைய கான்கிரீட் சொரசொரத்தது. மற்ற இடமெல்லாம் இரும்பாக, குளிர்ந்து, வழவழவென்று இருந்தது.

“இப்ப சாப்பிடலாம்” என்றாள்.