ஆர்னால்ட் போர்த்திய கார்

கொட்டகையிலிருந்து ட்ரெவரின் காரை வெளியே துரத்தியவள் அவன் மனைவி ஜூடித்தான். மண்பாண்டம் சுடும் தன் மின்சூளைக்கு வேறு இடம் இல்லை. அந்த உறுத்தலில் அவனுக்கு ஒரு குளிர்காலம் தவணை கொடுத்திருந்தாள். மார்ச் முதல் ஞாயிறுவரை உள்ளே ஈரம் ஏறாமல் தாக்குப்பிடித்தால் வண்டி வீட்டோடு இருக்கும். இல்லையென்றால் விற்றுவிடுவது. ட்ரெவரும் தலையாட்டியிருந்தான்.

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஷெரிங்கமில் அவர்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டு தெரு தள்ளித்தான். வண்டியோ இருவர் மட்டும் உட்காரும் பந்தய ரகம். ஃபைபர் உடம்பு, துணிக்கூரை. இரண்டு ஆட்கள் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். ட்ரெவர் காற்றுப் புகும் உறையாகத் தேடி வாங்கினான். பாட்டரிக்குச் சார்ஜர் மாட்டினான். இருக்கைகளில் ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்தான். டிசம்பர் முடியும்வரை உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஜனவரியில் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, உறைக்கு மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாய் கிடந்தது. கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் செங்கல். பக்கத்து வீட்டு ஆர்னால்ட் வேலியோரம் காத்திருந்தார்.

"உறை தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சுப்பா. மனசு கேக்கல. இனி சொட்டுத் தண்ணி உள்ள போகாது பாரு."

"ரொம்ப நன்றி ஆர்னால்ட்! எனக்கு இது தோணவே இல்ல," என்றான் ட்ரெவர்.

வீட்டுக்குள் வந்ததும் ஜூடித் கேட்டாள். "பிளாஸ்டிக் போட்டா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப எடுத்துடு."

"அவர் சமையலறை ஜன்னல் இங்கதான் பாக்குது."

"பாக்கட்டுமே!"

"எழுபத்தெட்டு வயசுல முட்டி போட்டுக் கட்டியிருக்காரு, ஜூடித். எப்படிச் சொல்றது?"

சொல்லவில்லை. தினமும் காலையில் ஆர்னால்ட் நாயோடு கடற்கரைக்குப் போகும் நாற்பது நிமிடத்தில் தார்ப்பாயை அவிழ்ப்பான். கதவைத் திறந்து காற்று காட்டுவான். நாய் குரைப்பு தெருமுனையில் கேட்டதும் அலறியடித்துக்கொண்டு பழையபடி கட்டுவான். சொந்தக் காரையே திருட வந்தவன்போல அவன் குனிந்து ஓடுவதைத் தேநீர்க் கோப்பையோடு பார்த்துப் பார்த்து ஜூடித்துக்குத் தலை வலித்தது. பிப்ரவரியில் பத்தொன்பது நாள் விடாமல் மழை. ஆர்னால்டும் வெளியே போகவில்லை, தார்ப்பாயும் அவிழவில்லை.

மார்ச் ஞாயிறன்று கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. இருக்கைகளிலும் ஸ்டியரிங்கிலும் சாம்பல் பச்சையில் பூஞ்சை. ட்ரெவர் அதைச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தான்.

"விளம்பரத்தை நானே எழுதிடறேன்," என்றான்.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட ஜூடித்துக்கு ஆறியிருக்கும். நேராக வேலிக்குப் போனாள்.

"ஆர்னால்ட், உங்க தார்ப்பாயாலதான் வண்டி பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

ட்ரெவர் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும்மா," என்றார் ஆர்னால்ட். "பிளாஸ்டிக் ஆகாதுன்னு என் மச்சான் அப்பவே சொன்னான். எடுத்துடலாம்னுதான் பாத்தேன். இவன் அவ்வளவு நன்றி சொன்னானே! தினமும் புதுசா முடிச்சு வேற போட்டு வெச்சிருந்தான். ரொம்பப் பிடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்."

ஜூடித் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். "உங்க கொட்டகையில என்ன இருக்கு?"

"புல்வெட்டுற மிஷின்."

"வேற?"

"ரெண்டு பெயின்ட் டப்பா. வண்டிய அங்க விடச் சொல்லலாம்னு நவம்பர்லயே நெனச்சேன். கேக்காம சொன்னா மூக்க நுழைக்கிற மாதிரி ஆயிடுமேன்னு..."

"வண்டி அங்க போகட்டும். விக்க வேண்டாம்," என்றாள் ஜூடித்.

ட்ரெவரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே, "ஐயோ, வேண்டாம் ஆர்னால்ட். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றான்.

"எனக்கென்ன சிரமம்? உனக்குச் சங்கடமா இருந்தா வேணாம்ப்பா."

"எனக்கில்ல, உங்களுக்குத்தான்..."

ஜூடித் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு பூஞ்சை இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்றாம் முறை திருகியதும் வண்டி உறுமியது.

"யாராவது ஒருத்தர் போய்க் கொட்டகைக் கதவைத் திறங்க!" என்று கத்தினாள்.

"நீங்க போங்க," என்றான் ட்ரெவர்.

"இல்லப்பா, நீ போ," என்றார் ஆர்னால்ட்.