குழிக்குத் திரும்பிய தண்ணீர்

தலைமுடியை வெட்டிக்கொண்ட பிறகும் அறைக்குள் தண்ணீர் வந்தது. அன்றைக்குத்தான் அக்காவுக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

அந்த வீட்டில் அவளுக்கு அக்கா என்பதுதான் பெயர். தம்பி அப்படிக் கூப்பிட்டான், அவன் நண்பர்கள் கூப்பிட்டார்கள், தபால்காரர்கூட அப்படித்தான். தம்பி மனைவி மட்டும் அண்ணி என்பாள். வயது ஐம்பத்திரண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மற்றவர்கள் கோட்டைவிடுவதெல்லாம் அவள் கண்ணில் சிக்கிவிடும். வீட்டு விஷயத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போயிருந்ததோ.

கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தாள். மேலே தம்பி குடும்பம். தரைக்குக் கீழே ஒரு பெரிய அறை. "கீழ் ரூம் ஆயுசுக்கும் உன்னோடதுக்கா, யார் கேக்கப் போறா" என்றான் தம்பி. வீட்டுப் பத்திரம் என்று அவன் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. குளிப்பாட்டி, சோறூட்டி, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவள் அவள். அவன் நீட்டுவதைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போட முடியும்?

அறையின் மூலையில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. மழைக்காலத்தில் நிலத்தடியில் ஊறும் நீரெல்லாம் அதில் வந்து சேரும். குழிக்குள் ஒரு பம்ப். நீர் ஏறினால் மிதவையும் கூடவே ஏறும், பம்ப் தானாக ஓடும், நீரைக் குழாய் வழியாகத் தெருக் கால்வாய்க்குத் தள்ளும். அப்பா காலத்து ஏற்பாடு.

ஒன்றரை வருடமாக அது கெட்டுப்போயிருந்தது. நல்ல மழை பெய்தால் பம்ப் மூச்சு விடாமல் ஓடும். இருந்தும் அறையில் கணுக்கால் தண்ணீர். மெத்தை நாறியது. புத்தகங்கள் பூசணம் பூத்தன. இருமல் ஒன்று வந்து நெஞ்சில் குடியேறிக்கொண்டது. பம்ப் மெக்கானிக் நான்கு தடவை வந்து மிதவையை மாற்றினார், ஏறிய தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வால்வை மாற்றினார், கடைசியில் பம்பையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தம்பி, "நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குக் கிளம்புக்கா" என்று அவளை அனுப்பிவிடுவான். ஒரு தடவை பம்பின் வாயில் ஒரு கொத்து முடி அகப்பட்டது. தம்பி மனைவி அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்து, அக்கா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் காட்டினாள். தம்பியும் பக்கத்தில் நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. இவ்வளவு முடிய வச்சுக்கிட்டு குழி பக்கத்துல நின்னு தலை வாரினா, பாவம், பம்ப் என்ன செய்யும்?"

பாவம் பார்க்க அவளுக்குப் பம்ப்தான் கிடைத்தது. அக்கா மறுநாளே இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். வேலையிடத்தில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. விதவைக்கு என்னவோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மழை. தண்ணீர் வழக்கம்போல வந்து கட்டிலுக்கடியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் அடித்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியருகே உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒரு சந்தேகம். பரிசோதனைக் கூடம் கற்றுக்கொடுத்த பாடம் அது. முதலில் மின்சாரம். பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மேஜை விளக்கைச் செருகினாள்; எரிந்தது. அடுத்து மிதவை. குச்சியால் தூக்கிப் பார்த்தாள். எங்கும் இடிக்காமல் ஏறி இறங்கியது. பம்பை வெளியே எடுத்து வாயைப் பார்த்தாள். ஒரு முடி இல்லை. திரும்ப இறக்கி, பிளக்கைச் செருகி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பம்ப் சட்டென்று பிடித்துக்கொண்டது. குழி காலியானது. குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை.

எல்லாமே ஒழுங்கு. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பைக்குள் ஒரு சிறு புட்டி இருந்தது. கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்துக்கு நிறமேற்றும் நீலச்சாயம். காலாவதியானது என்று குப்பைக்குப் போகவிருந்ததை எடுத்து வந்திருந்தாள். அதைக் குழியில் கவிழ்த்து, மேலும் பத்து வாளி ஊற்றினாள். பம்ப் நீலத்தை முழுவதும் உறிஞ்சி வெளியே அனுப்பியது. அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்தாவது நிமிடம், சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு விரிசல் நீலமாகக் கசிந்தது.

படியேறி வெளியே வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். வாசல் பக்கம் முழுவதும் புதுக் கல் பதித்திருந்தது; ஒன்றரை வருடத்துக்கு முன், தம்பி கார் வாங்கியபோது செய்த வேலை. சுவரோரச் செடிகளை விலக்கினாள். தெருவரை போக வேண்டிய குழாய் சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டிருந்தது. ரம்பத்தால் நேர்த்தியாக வெட்டிய வெட்டு. அதன் கீழே மண் குழைந்து நீலமாகக் கிடந்தது.

பம்பின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குப் பேசினாள். மெக்கானிக் வந்து, செடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே யோசித்தார்.

"இத வெட்டினது யாரு?"

"நான்தாம்மா. சார் வெட்டச் சொன்னாரு. கல்லு பதிக்க குழாய் இடைஞ்சலா இருந்துச்சு. அடியில புதைச்சுக் கொண்டு போயிடலாம்னு சொன்னேன், அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

"தண்ணி உள்ள வரும்னு சொல்லலையா நீங்க?"

"சொன்னேம்மா. வந்த நாலு தடவையும் சொன்னேன். அவர் பம்ப மாத்துன்னாரு. வீட்டுக்காரர் சொல்றத நான் எப்படித் தட்டறது?"

நான்கு தடவை. அவள் திரும்பி வீட்டுக்குள் நடந்தாள்.

தம்பி முன்னறையில் செய்தித்தாளோடு இருந்தான். அவள் நீலக் கையோடு போய் நின்றாள்.

"குழாய வெட்டினது உனக்குத் தெரியுமாடா?"

அவன் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேணும்னு பண்ணலக்கா. முதல்ல தெரியாமத்தான் ஆச்சு."

"தெரிஞ்சப்புறம்?"

செய்தித்தாளை நான்காக மடித்தான். "கல்லப் பேக்கணும்னாங்க. போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. அப்புறம்... ஈரத்துல உனக்கு ஒத்துக்கல, நீயே உன் வேலை பக்கமா ஒரு இடம் பாத்துப்பேன்னு நினைச்சேன்."

அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. 'இந்த ஈரத்துல எதுக்குக்கா கஷ்டப்படற, நல்ல காத்தோட்டமா ஒரு ரூம் பாக்கட்டுமா' என்று ஆறு மாதமாக அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவள் ஒரு நாள் படுக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

"போன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"உன்கிட்ட எப்படிக்கா அத சொல்றது?"

"அதனால தண்ணிய விட்டு சொல்லச் சொன்னியா?" குரல் உயரவில்லை. "என் முடிதான் காரணம்னு உன் பொண்டாட்டி சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன? நான் வெட்டிட்டு வந்து நின்னப்பவும் பாத்த. நல்லா இருக்குன்னு சொன்ன."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

அக்கா மறுநாள் விடுப்பு எடுத்தாள். மெக்கானிக் புதுக் கற்களில் ஒரு வரிசையைப் பெயர்த்து, அடியில் குழாயைப் புதைத்துத் தெருக் கால்வாயில் கொண்டுபோய் விட்டார். கல்லைத் திரும்பப் பதித்தபோது இரண்டு கற்கள் உடைந்துபோயிருந்தன. தம்பி மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பெருமழை வந்தது. பம்ப் ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும். தரை காய்ந்தது, சுவர் காய்ந்தது, இருமல்கூடத் தணிந்தது. மேலேயிருந்து யாரும் கீழே வரவில்லை. அவளும் மேலே போவதில்லை. படியில் எதிர்ப்பட்டால் தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். தம்பி மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"வாடையே இல்லக்கா. சும்மா ஜம்முனு இருக்கு."

தம்பி மனைவி சுவரைத் தடவினாள். "நல்லாக் காஞ்சிருக்கே அண்ணி. மேல இடமே இல்ல. எங்க பழைய பீரோவையும் இவர் உடற்பயிற்சிக்கு ஓடற மெஷினையும் இந்தப் பக்கம் போட்டுக்கட்டுமா? உங்க ஒருத்தருக்கு எதுக்கு இவ்வளவு இடம்?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கண்ணால் சுவரின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான்.

"முடியாது" என்றாள்.

"அண்ணி, ஒரு ஓரமாத்தான்..."

"ஓரமாவும் முடியாது. ரெண்டு பேரும் மேல போங்க."

அவர்கள் படியேறும்வரை கதவருகிலேயே நின்றாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள். பல வருடம் போடாத தாழ்ப்பாள், துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளங்கை சிவக்கச் சிவக்க அழுத்தினாள். இறங்கியது.