அப்பாட்டைக் கேளும்

மனோர் பார்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஏலேனி என்று ஒரு கிரேக்கப் பெண்மணி இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவருக்கு ஒரே ஒரு படம்தான் போட வேண்டும். வேறு எதைப் போட்டாலும் அழுவார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தீவு. கப்பல் முதலாளியின் மகளுக்கும் துறைமுகத்தில் டிக்கெட் கிழிப்பவனுக்கும் காதல். காதல் என்றால், கண்ட இடமெல்லாம் சண்டை. கதவு அடிபடும், கோப்பை உடையும், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று நியாயம் சொல்வாள். அப்பன்காரன் முடியாது முடியாது என்று கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடுவான். அந்த ஊரில் யாருக்கும் கோபம் நிலைப்பதில்லை. அதற்காகவே எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

எனக்கும் லெஸ்லிக்கும் கிரேக்கம் தெரியாது. லெஸ்லி மன்னார்க்காரன், என்னோடு அதே ஷிப்ட். ஏலேனிக்குத் தேநீர் பருக்கிக்கொண்டே நாங்கள் தமிழில் வசனம் பேசுவோம். அவன் டிக்கெட்காரன், நான் முதலாளி மகள். ஏலேனி அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்.

மாசி மாதம் ஒருநாள், படத்தில் அவன் அவளுடைய கையைப் பிடிக்கும் இடத்தில், லெஸ்லி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"துசியந்தி, நீர் என்னைக் கட்டுவீரோ?"

படத்தில் யாருக்கும் துசியந்தி என்று பெயரில்லை. முப்பத்தாறு வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

"அப்பாட்டைக் கேளும்" என்றேன்.

எங்களுக்குள் ஒரு பெண் அப்படிச் சொன்னால் அது சம்மதம். இதைவிடத் தெளிவாக நான் எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாளில் அவன் ஷிப்டை மாற்றிக்கொண்டான். வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். ரோஷத்தில் நானும் அவனோடு பேசவில்லை.

வைகாசியில் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிவில் சுவாமியார் கலியாண ஓலை வாசித்தார். லெஸ்லிக்கும் மன்னார் மேரிசாந்திக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கட்டும் என்றார். பக்கத்தில் அப்பா குனிந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே லெஸ்லியை மறித்தேன்.

"கேக்கப் பயந்திட்டீர், என்ன?"

"கேட்டனான்." அவன் முகம் வெளிறியது. "நீர் வேலைக்குப் போன நேரம் உம்மட வீட்டை வந்து அப்பாட்டைக் கேட்டனான். உமக்கு விருப்பமில்லையாம். முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல்தான் தன்னட்டை அனுப்பினீராம் எண்டு கொப்பர் சொன்னார்."

"பொய், லெஸ்லி. அது பொய்."

அவன் கண் கலங்கினான். "மேரிசாந்தி என்னை நம்பி வந்திட்டா. இனி நான் என்ன செய்ய?"

அவனில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. கதிரையில் இருந்தபடி என் கையைப் பிடித்தார்.

"அம்மாவும் இல்லை. நீ போனால் என்னை ஆர் பிள்ளை பாக்கிறது?"

ஆத்திரத்தில் கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் இன்சுலின் போடும் நேரம் தாண்டியிருந்தது. அவருடைய சட்டையை உயர்த்தி ஊசியைப் போட்டேன்.